நிலாவில் தெரிந்த முகம்

மொராக்கோவின் ஐந்தாம் முகம்மது. ஃபெஸ் நகரில் பிறந்தவர், 1909.

அப்பா சுல்தான் யூசுப் 1927 நவம்பரில் இறந்துபோகிறார். மூத்த மகன்கள் இருக்கும்போதே, மொராக்கோவைக் கையில் வைத்திருந்த பிரெஞ்சுக்காரர்கள் கைகாட்டியது இளையவரை. அதிகம் பேசாத பையன். சொன்னபடி கேட்பான் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

வயது பதினெட்டு.

1940, 41. பிரான்ஸில் விஷி ஆட்சி. யூதர்களை ஒடுக்கும் ஆணைகள் மொராக்கோவுக்கும் வந்தன. யூதக் குடிமக்களைக் கைவிடாத சுல்தான் என்று இன்றும் போற்றுகிறார்கள். அந்த ஆணைகளில் இருப்பதும் அவர் கையெழுத்துதான். இரண்டையும் சேர்த்தே எழுதி வைக்க வேண்டும்.

1943 ஜனவரி 22. காசாபிளாங்காவின் அன்ஃபா பகுதியில் ரூஸ்வெல்ட் கொடுத்த விருந்து. சுல்தானுக்காக மேஜையில் மது வைக்கவில்லை. சர்ச்சில் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தாராம்.

சுல்தான் கொண்டுபோன பரிசு: ரூஸ்வெல்ட்டுக்குத் தங்கப் பிடி போட்ட குறுவாள்.

மறு ஆண்டு ஜனவரி 11, சுதந்திரம் கோரும் பிரகடனம். கையெழுத்திட்டவர்கள் 66 பேர். ஒரே ஒரு பெண், மலிக்கா அல்ஃபாஸி.

1947 ஏப்ரல், டாஞ்சியர். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுல்தான் வாசிக்க வேண்டியது பிரெஞ்சுக்காரர்களோடு முன்கூட்டியே பேசி முடிவான உரை. அதில் பிரான்ஸைப் புகழ்ந்து ஒரு வாக்கியம். மேடையில் அதை வாசிக்காமல் விட்டுவிட்டார். கூட்டத்துக்குப் புரிந்தது. பாரிஸுக்கும் புரிந்தது. அடுத்த மாதம் மொராக்கோவில் பிரான்ஸின் தலைமை நிர்வாகியான ரெசிடென்ட் ஜெனரலையே மாற்றிவிட்டார்கள்.

அதே பயணத்தில் மகள் ஆயிஷாவும் பேசினாள். பதினாறு வயது. முகத்திரை இல்லாமல்.

சில நாள் முன்னால், மார்ச் 29 அன்று, பின்னாளில் சுல்தான் போய்ச்சேரப்போகும் மடகாஸ்கரில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்திருந்தது.

1953 ஆகஸ்ட் 20. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின நாள். ரபாத் அரண்மனையிலிருந்து சுல்தானையும் பிள்ளைகளையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். முதலில் கோர்சிகா. பிறகு மடகாஸ்கர்.

நாள் பார்த்தா செய்தார்கள், பார்க்காமலா? எப்படியானாலும் கொடுமை.

அரியணையில் பிரெஞ்சுக்காரர்கள் உட்காரவைத்த பென் அரஃபா. செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் புறப்பட்ட அவருடைய ஊர்வலத்துக்குள் ஒருவர் காரை விட்டார். கையில் கத்தி. அல்லால் பென் அப்துல்லா, சாதாரணத் தொழிலாளி. அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். பென் அரஃபா பிழைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் நிலா. ராத்திரி மொட்டை மாடிகளில் ஜனம் ஏறி நிற்கிறது. நிலவில் சுல்தான் முகம் தெரிகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். படிக்காதவர்கள் மட்டுமல்ல. சுல்தான் படம் எதையும் அரசாங்கம் கிழிக்கலாம். இதை என்ன செய்யும்?

எனக்கு இதில் மூடநம்பிக்கை தெரியவில்லை.

அன்ட்சிராபே. மடகாஸ்கரின் மேட்டுநிலத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். குளிரும். சுல்தான் தங்கியது ஹோட்டலில், காவலோடு. அங்கே 1954 ஏப்ரலில் ஒரு மகள் பிறந்தாள். அமீனா.

அதே ஏப்ரலில், பிரெஞ்சு ஆட்சியின் இன்னொரு மூலையான வியட்நாமில், தியன் பியன் பூ முற்றுகை. வியட்நாமியர்கள் சூழ்ந்த பிரெஞ்சு முகாமுக்குள் மொராக்கோ சிப்பாய்களும் இருந்தார்கள். மே 7, முகாம் விழுந்தது.

மராகேஷ் பாஷா அல்கிலாவி. சுல்தானை அரியணையிலிருந்து இறக்க முன்னின்று ஆள் சேர்த்தவர். 1955 நவம்பரில், மடகாஸ்கரிலிருந்து பிரான்ஸுக்கு வந்திருந்த அதே சுல்தான் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். சுல்தான் மன்னித்தார். அடுத்த ஜனவரியில் அல்கிலாவி இறந்துவிட்டார்.

1955 நவம்பர் 16, சுல்தான் ரபாத் திரும்பினார்.

1956 மார்ச் 2, பிரான்ஸிடமிருந்து விடுதலை. ஏப்ரல் 7, வடக்கே ஸ்பெயினிடமிருந்து. சியூட்டாவும் மெலில்லாவும் இன்னமும் ஸ்பெயினிடம்.

1957 முதல் சுல்தான் இல்லை, மன்னர்.

1958 கடைசியில் ரிஃப் மலைப்பகுதி கிளர்ந்தது. படையோடு போனவர் பட்டத்து இளவரசர் ஹசன். சொந்த நாட்டு மக்கள். விடுதலை வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. வருத்தமாக இருக்கிறது.

1961 பிப்ரவரி 26. மூக்கில் சின்ன அறுவை சிகிச்சை. அதில் மன்னர் இறந்துபோனார். வயது 51. ரமலான் மாதம்.

கல்லறை மாளிகை ரபாத்தில், பாதியில் நின்றுபோன ஹசன் கோபுரத்துக்கு எதிரே. கட்டடக் கலைஞர் வோ தோவான். வியட்நாம்காரர்.

டாஞ்சியரில் பேசிய மகள் ஆயிஷா 1965இல் லண்டனுக்குத் தூதராகப் போனார்.