கடனாகக் கிடைக்காத எண்ணெய்



பெங்களூரில் நான் பணிபுரியும் அலுவலகத்தில் பழைய சர்வர் ஒன்று உண்டு. அதன் இரண்டு வட்டுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிரதியாய் இயங்கின. 1988-இல் பெர்க்லி ஆய்வாளர் மூவர் ‘ரெய்டு’ என்று வகுத்த முறைகளில் இதுவே முதல் நிலை.

ஒரு சனிக்கிழமை இரவு அந்தப் பிணைப்பை நீக்கி, முதல் வட்டைக் கழற்றினேன். சர்வர் எழும்பவில்லை. என் உள்ளம் கலங்கிற்று. தகவல்கள் யாவும் இரண்டாம் வட்டில் பத்திரமாயிருந்தன. ஆனால் இயந்திரத்தை எழுப்பும் நிரல் வட்டின் முதல் 512 பைட்டுகளில் தொடங்குகிறது. பிரதியானவை பகிர்வுகள் மாத்திரமே. அந்தத் தொடக்கமோ அவற்றிற்கு வெளியே இருந்தது. மீட்புக் குறுந்தகட்டினால் இயக்கி, ‘கிரப்’ நிரலை இரண்டாம் வட்டிலும் நிறுவி, பழைய பிணைப்பின் பெயரைச் சுட்டிய வரிகளையும் திருத்தினேன். விடியற்காலையில் சர்வர் எழும்பியது.

வீடு திரும்பும் வழியில் ஆவியானவர் என்னை உணர்த்தினார். சுகவீனமான தாயாரைப் பராமரிக்க என் மனைவி திருநெல்வேலிக்குச் சென்று மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. அந்நாட்களில் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் ஒருநாளும் நடக்கவில்லை. வேதவசனங்களை நானும் அறிவேன்; எழுப்புகிறவளோ அவளே. எண்ணெயைக் கடன் கேட்ட ஐந்து கன்னிகைகளை நினைத்து வெட்கமடைந்தேன்.

ஆராதனைக்கு முன் பிள்ளைகளை ஜெபத்திற்கு எழுப்பினேன். “அம்மா வந்துவிட்டார்களா, அப்பா?” என்றான் இளையவன். என்னால் பதில் சொல்லக்கூடவில்லை, முழங்காற்படியிட்டேன்.