சுமந்தவர்க்கே தெரியும் அளவு

விருந்தினர் வருகிறார் என்றதும் நம் வீடுகளிலே என்ன நடக்கிறது? கூடத்திலே பாய் விரிக்கப்படுகிறது. குவளையிலே மோர் வருகிறது. இலை நிறையச் சோறு வருகிறது. எங்கிருந்து வருகிறது? சுவருக்கு அப்பாலிருந்து! புகையும் வியர்வையும் சுவருக்கு அப்பால். புகழும் ஏப்பமும் சுவருக்கு இப்பால்! "அந்த வீட்டுக்காரர் விருந்தோம்பலிலே வல்லவர்" என்று ஊர் பேசும். வீட்டுக்காரர் செய்ததெல்லாம், "இன்னும் கொஞ்சம் கொண்டு வா" என்று உள்நோக்கிக் குரல் கொடுத்ததுதான்!

சுவரே இல்லாத வீட்டிலே விருந்தோம்ப நேர்ந்தால்? அப்படிப் பத்து நாட்கள் எங்களுக்கு வாய்த்தன. தோழர்களே, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

நாங்கள் கணவனும் மனைவியும், முப்பதை எட்டாதவர்கள், கரூர்ப் பக்கத்துக்காரர்கள். கலைக் கல்லூரியிலே பட்டம் பெற்று, மலேசியாவின் லங்காவித் தீவிலே ஆசிரியப் பணி செய்கிறோம். வாடகை கொடுத்து மாளாத நிலையிலே, முதுமையால் கடலை விட்டுக் கரையேறிய ஒரு பெரியவரிடமிருந்து பழைய பாய்மரப் படகொன்றை வாங்கினோம். நீளம் 32 அடி. குவா நகரை அடுத்த விரிகுடாவிலே நங்கூரம் பாய்ச்சி, அதிலேயே குடியிருக்கிறோம். காலையிலே காற்றடைத்த ரப்பர் படகேறிக் கரைக்குச் சென்று பாடம் நடத்துகிறோம். மாலையிலே கடலுக்குத் திரும்புகிறோம்.

2025 டிசம்பர் விடுமுறையில் ஊரிலிருந்து இருவர் வந்தனர். ஒருவர், எங்களுள் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. இங்கே அம்மா என்றே எழுதுகிறோம். மற்றவர் அம்மாவின் தம்பி, மாமா.

ஏணியிறங்கி உள்ளே வந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "அடுப்பு இங்கே, படுக்கை இங்கே, கழிப்பறையும் இங்கே, கூடம் எங்கேயப்பா?" என்றார்.

"எல்லாமே கூடந்தான், அம்மா!"

அணியத்துச் சிற்றறையை அம்மாவுக்குக் கொடுத்தோம். கதவுக்குப் பதில் அதற்கொரு திரை. நடுவிலிருந்த பலகை மெத்தை மாமாவுக்கு. நாங்கள் மேல்தளத்திலே, விண்மீன்களின் கீழே.

படகின் தொட்டி கொள்வது 240 லிட்டர் நன்னீர். கழிப்பறைக்குக் கடல்நீரைக் கையால் இறைத்துக்கொள்ளலாம். குடிக்க, சமைக்க, குளிக்க இந்த நன்னீர்தான். நாங்கள் இருவரும் நாளொன்றுக்கு 20 லிட்டருக்குள் முடித்துக்கொள்வோம். பன்னிரண்டு நாட்கள் ஓடும். வந்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? விருந்தினரிடம் தண்ணீருக்குக் கணக்குச் சொல்வதா? தமிழ்ப் பண்பு தடுத்தது, வாய் மூடியிருந்தோம்.

முதல்நாள் மாலை மாமா குளித்தார். பாடிக்கொண்டே குளித்தார். பாட்டு முடிந்தபோது தொட்டியிலே 50 லிட்டர் குறைந்திருந்தது!

அம்மாவோ அரைவாளியில் குளியலை முடித்தார். அரிசி களைந்த நீரைக் கொட்டாமல் எடுத்து வைத்து, அதிலேயே பாத்திரத்துக்கு முதற் கழுவல் போட்டார். எங்களைவிடச் சிக்கனம்! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கோடையிலே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஆண்டுகள் சொல்லிக் கொடுத்தன. ஒரே வீட்டிலே, ஒரே தாய் வயிற்றிலே பிறந்த இருவர். ஒருவர் இடுப்பிலே குடம் ஏறியது, மற்றவர் இடுப்பிலே ஏறவில்லை. வேற்றுமை அவ்வளவுதான்.

மறுநாள் தயக்கத்தை விட்டுக் கணக்கைச் சொன்னோம். வேலைப் பட்டியலும் எழுதி ஒட்டினோம். தண்ணீர் கொண்டுவரும் முறை மாமாவுக்கு. கரையிலே 20 லிட்டர்க் கலன்களை நிரப்பி, ரப்பர் படகிலே ஏற்றி, ஆடும் படகின்மேல் தூக்கி, தொட்டியிலே ஊற்ற வேண்டும். "விருந்துக்கு வந்தவனுக்கு இப்படியொரு மரியாதையா!" என்று முகம் சுளித்தார், ஆயினும் போனார். நான்கு கலன்கள் சுமந்தார். அன்று மாலை மாமா அரைவாளியிலே குளித்தார். பாட்டும் இல்லை!

அடுப்புக்கும் மாமாவின் பலகைக்கும் இரண்டு முழமே இடைவெளி. அந்த அடுப்பு, படகு சாய்ந்தாலும் தான் சாயாது ஊசலாடுவது, குழம்பு கொட்டாது. வெக்கை மட்டும் யாரையும் விடாது. அம்மா தாளிக்கும்போது மாமாவுக்கும் கண் எரிந்தது; அம்மாவுக்கு வியர்த்தபோது மாமாவுக்கும் வியர்த்தது. மூன்றாம் இரவு, பட்டியலிலே அவர் பெயர் இல்லாதபோதே, உண்டு முடித்ததும் மாமா தேய்ப்பு நாரைக் கையிலெடுத்தார். ஒன்றும் பேசவில்லை, நான்கு தட்டுகளையும் கழுவினார். வாழ்நாளெல்லாம் உண்ட இலையை விட்டு எழுந்து போன தம்பியைப் பார்த்தபடி அம்மா நின்றார். ஓய்ந்த கைகளை எங்கே வைப்பது என்று அந்தக் கைகளுக்கே தெரியவில்லை!

ஒரு திங்கட்கிழமை, தெற்கேயுள்ள டாயாங் புந்திங் தீவுக்குப் பாய் விரிப்பது என்று முடிவாயிற்று. காலை ஏழரையை ஒட்டி நீர்வற்றம் தொடங்கும். இறங்கும் நீரோடு சேர்ந்து புறப்பட்டால் விரிகுடாவை எளிதில் கடக்கலாம். மாமா சட்டைப்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை இராகு காலம். ஒன்பதுக்குமேல் புறப்படுவோம்" என்றார்.

"மாமா, ஊரிலே மணி இப்போது ஐந்து. இந்த நாட்டுக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தியது. உங்கள் இராகு எந்தக் கடிகாரம் பார்த்து வருவார்?" என்று கேட்டோம்.

மாமா எங்களைப் பார்த்தார், பஞ்சாங்கத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். கடல் இறங்கிக்கொண்டிருந்தது. "சரி, நங்கூரத்தைத் தூக்குங்கள்" என்றார்.

டாயாங் புந்திங் என்றால் கருவுற்ற நங்கை. அத்தீவிலே ஒரு நன்னீர் ஏரி. சுண்ணாம்புப் பாறைக் குகையொன்றின் கூரை இடிந்து விழுந்து, அப்பள்ளத்திலே நீர் நிறைந்து உண்டானது என்பது நிலநூலார் கூறுவது. மலாய் மக்களிடையே வழங்கும் பழங்கதையோ, பெற்ற குழந்தையைப் பறிகொடுத்த நங்கை ஒருத்தி அதை அந்த ஏரியிலே கிடத்தினாள் என்றும், அந்நீரைப் பருகினால் பிள்ளையில்லாதார்க்குப் பிள்ளை பிறக்கும் என்றும் சொல்கிறது. அக்கதையை எள்ளி நகையாட எங்களுக்கு மனமில்லை. அதன் அடியிலே ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. எவர் கண்ணீராலும் கரு உண்டாகாது, அதுவும் உண்மை.

கதையைப் படகோட்டி ஒருவர் சொல்ல, அம்மா கேட்டிருக்கிறார். நாங்கள் பாராத வேளையிலே ஒரு புட்டியை நிரப்பியும் கொண்டார்.

அன்றிரவு தீவின் மறைவிலே நங்கூரமிட்டோம். எங்களுள் மருமகளானவரைத் திரைக்கு அப்பால் அழைத்து, "இதைக் குடி கண்ணு. மூன்று வருடம் ஆயிற்று, ஊரிலே கேட்கிறார்கள்" என்றார் அம்மா, மெல்லிய குரலிலே. படகிலே மெல்லிய குரல் என்று ஒன்று உண்டா? நால்வர் காதிலும் விழுந்தது. அமைதி. படகின் விலாவிலே அலை மோதும் ஓசை மட்டும்.

மறைக்க இடமில்லை, சொல்லிவிட்டோம். 2024-இல் எங்களுக்கு ஒரு கரு உண்டாகி, மூன்றாம் திங்களிலே கலைந்தது. ஊருக்குச் சொல்லவில்லை. தொடக்கத்திலே கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம்களின் பிழையால் கலைபவை. தூக்கியதாலோ நடந்ததாலோ அன்று. ஒருவர் குற்றமும் அன்று என்று மருத்துவர் விளக்கினார். அறிவு ஏற்றுக்கொண்டது, நெஞ்சம் ஏற்க நாளாயிற்று. பிள்ளை இல்லையென்றால் பெண்ணிடம் மட்டுமே குறை தேடுகிறார்களே, குறை ஆணிடமும் இருக்கலாமே என்றும் சொன்னோம். "இழந்தது இருவரும், அம்மா. கேட்பதானால் இருவரையும் கேளுங்கள். ஒருவர் தலையிலே ஏற்றாதீர்கள்."

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு ஆறு வருடம் பிள்ளை இல்லை. யார் யாரோ எதை எதையோ கொண்டு வந்து கொடுத்தார்கள். குடி என்றார்கள், குடித்தேன். சுற்று என்றார்கள், சுற்றினேன். பட்டினி கிட என்றார்கள், கிடந்தேன். அவரை ஒருவரும் ஒரு மருத்துவரிடமும் அழைத்துப் போகவில்லை. எனக்கு ஊற்றியதையே நானும் ஊற்ற வந்துவிட்டேனே!"

இருளிலே மாமாவின் குரல்: "அக்கா, எனக்கு இது தெரியாதே!"

"தெரிந்துகொள்ள நீ எப்போதடா அடுப்படிக்கு வந்தாய்?" என்றார் அம்மா.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன் எழுந்த மாமா தேநீர் போட்டார். நால்வரும் குடித்தோம். தொட்டியிலே நீர் குறைவாக இருந்ததால், மூலையிலிருந்த புட்டி நீரைக் கொதிக்க வைத்ததாகச் சொன்னார். ஒரு நொடி எல்லோரும் விழித்தோம். முதலில் சிரித்தவர் அம்மாதான். "தம்பியும் குடித்துவிட்டான்! இந்த வயதிலே அவனுக்குப் பிள்ளை பிறந்தால் அவன் பெண்டாட்டி என்ன சொல்வாளோ!" என்றார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது சிரிப்பினால் வந்த நீர் மட்டும்தானா என்று நாங்கள் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வழியனுப்பினோம். ரப்பர் படகிலிருந்து கரையேறிய அம்மா, "சின்ன வீடு. ஆனால் இங்கேதான் உட்கார்ந்து சாப்பிட்டேன்" என்றார். நாங்கள் என்ன விருந்து வைத்துவிட்டோம்? இரசமும் சோறும், வறுத்த மீனும்! அவர் உண்டது உணவை அன்று, ஓய்வை.

சில வாரம் கழித்து ஊரிலிருந்து அத்தை, மாமாவின் துணைவியார், தொலைபேசியிலே கேட்டார்: "இவர் தட்டை இவரே கழுவுகிறார். அங்கே என்ன மருந்து கொடுத்தீர்கள்?"

மருந்தெல்லாம் ஒன்றுமில்லை அத்தை. நான்கு கலன் தண்ணீர். கொடுக்கவில்லை, தூக்கச் சொன்னோம்!

தோழர்களே, எல்லோரும் படகிலே வாழ வேண்டியதில்லை. வீட்டுச் சுவர்களை இடிக்கவும் வேண்டியதில்லை. அடுத்த முறை விருந்தினர் வரும்போது, சுவருக்கு அப்பால் சென்று அந்தக் குடத்தை நீங்கள் தூக்கிப் பாருங்கள். வாய்ச்சொல்லிலே தெரியாத அளவு, தோளிலே தெரியும்.