‘தட்’டுக்கு முன்னால் என்ன சொல் நிற்கிறது?

தோழர்களே, இன்றைக்கு ஆங்கில இலக்கணம் பேசப் போகிறேன். பயந்து ஓடிவிடாதீர்கள். இது தேர்வுக்கான பாடம் இல்லை. நம் உழைப்பும் நிலமும் உயிரும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்னச் சொல்லைப் பற்றியது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துள்ள அந்தச் சொல் ‘தட்’.

காஞ்சிபுரத்தில் மாலை நேரங்களில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சட்டமும் ஆங்கிலமும் படிக்கிறேன். பலர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் கொடுத்தால், பெரிய பெரிய சொற்களுக்கெல்லாம் அகராதியைப் புரட்டுகிறார்கள். சின்னச் சொற்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சின்னச் சொல்லில் தடுக்கி விழுந்த வழக்குகள் நம்மிடம் நிறையவே உண்டு.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுவோம். ‘பஸ் வராது என்ற செய்தி’ என்கிறோம். ‘பஸ் வராது’ ஒரு முழு வாக்கியம். ‘செய்தி’ பெயர்ச்சொல். இரண்டையும் ‘என்ற’ இணைக்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்வது ‘தட்’. ஆனால் வரிசை தலைகீழ். நமக்கு வாக்கியம் முன்னால், பெயர்ச்சொல் பின்னால். அவர்களுக்குப் பெயர்ச்சொல் முன்னால். ‘த நியூஸ் தட்’ என்று தொடங்கிவிட்டு, பஸ் வராத சங்கதியைப் பிறகுதான் சொல்வார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. ‘த கம்ப்ளெயின்ட் தட் ஷீ கேவ்’ என்றால் ‘அவர் கொடுத்த புகார்’. ‘த கம்ப்ளெயின்ட் தட் ஷீ வாஸ் பீட்டன்’ என்றால் ‘அவர் தாக்கப்பட்டார் என்ற புகார்’. முதலாவதில் ‘தட்’டை எடுத்துவிட்டு ‘விச்’ போடலாம். தமிழில் ‘கொடுத்த’ என்ற பெயரெச்சமே போதும். இரண்டாவதில் ‘விச்’ போட முடியாது. தமிழில் ‘என்ற’ இல்லாமல் நகராது. முதலாவது, எந்தப் புகார் என்று அடையாளம் காட்டுகிறது. இரண்டாவது, புகாருக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறது. நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது வகை.

இந்த வகையில் ‘தட்’டுக்கு முன்னால் நிற்கும் பெயர்ச்சொல் சும்மா நிற்பதில்லை. பின்னால் வரும் வாக்கியத்தை எடைபோட்டுவிட்டுத்தான் நிற்கிறது. ‘த ஃபேக்ட் தட்’ என்று தொடங்கினால் பின்னால் வருவது நடந்தது. ‘த அலிகேஷன் தட்’ என்று தொடங்கினால் அதே சம்பவம் இனிமேல்தான் நிரூபிக்கப்பட வேண்டும். ‘த கிளெய்ம் தட்’ என்றால் சொல்கிறவர் ஏதோ சொல்கிறார், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. முன்னால் நிற்கும் ஆள்தான் மாறுகிறார்.

ஒரு கிராமத்து மக்கள் மனு எழுதினார்கள். ‘திருவிழாவில் சாமி எல்லாத் தெருவுக்கும் போகிறது, எங்கள் தெருவுக்கு மட்டும் வருவதில்லை’ என்பதுதான் மனு. வருகிறதா, வரவில்லையா என்பதைக் கண் இருக்கிற யாரும் பார்த்துச் சொல்லலாம். ஓர் அலுவலகத்திலிருந்து மேலே போன ஆங்கிலக் குறிப்பில் அது ‘த ஃபீலிங் தட்’ என்று மாறியிருந்தது. தாங்கள் ஒதுக்கப்படுகிறோம் என்ற உணர்வு அந்த மக்களுக்கு இருக்கிறதாம். நடப்பு, உணர்வாகிவிட்டது. நடப்பு என்றால் விசாரிக்க வேண்டும். உணர்வு என்றால் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும். அந்தக் குறிப்பில் பொய் என்று காட்டக்கூடிய ஒரு சொல்லும் கிடையாது. அதுதான் அதன் சாமர்த்தியம்.

சட்டத்துக்குள்ளும் இந்த இணைப்புகள் இருக்கின்றன. என் வாழ்க்கைக்கு மிக அருகில் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

காஞ்சிபுரம் பட்டில் கோர்வை என்று ஒன்று உண்டு. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடை இழையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ள வேண்டும். நெசவு செய்பவர் ஒருவரால் எல்லா நாடாக்களையும் தள்ள முடியாது. கரைப் பக்கம் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். பல காலம் அந்த ஆள் ஒரு குழந்தைதான். பத்து வயதில் நானும் அப்படி உட்கார்ந்தேன். வீட்டு வைத்தியச் செலவுக்கு வாங்கிய முன்பணம்தான் காரணம். அதற்குத் தாள் கிடையாது, கையெழுத்து கிடையாது. கடன் அடையும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

‘எழுத்தில் எதுவும் இல்லையே, பிறகு என்ன கொத்தடிமை?’ என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கடன்பட்டவர் கடன் கொடுத்தவரோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தாலோ, செய்ததாகக் கருதப்பட்டாலோ என்று சொல்லிவிட்டு, ‘டு தி எஃபெக்ட் தட்’ என்று தொடர்கிறது. ‘இந்தப் பொருள்படும்படி’ என்று அர்த்தம். அதற்குப் பின்னால் வரும் பட்டியலில்தான் எங்கள் வீடு இருக்கிறது: முன்பணத்துக்காக உழைப்பைக் கொடுப்பது, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழப்பது, விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருப்பது. முன்பணத்துக்கு ஆவணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அது தாளைக் கேட்கவில்லை. ஏற்பாட்டின் பொருள் என்ன என்று கேட்கிறது. சொந்த வாழ்க்கையைச் சட்டத்தின் மொழியில் நான் முதன்முதலாகப் படித்தது அந்த ‘தட்’டுக்குப் பின்னால்தான்.

அடுத்தது நிலம். காஞ்சிபுரம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் ஆட்சியர் பொறுப்பில் இருந்த டிரெமன்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும் நிலங்கள் அப்படிப் பிறந்தவை. அவற்றோடு நிபந்தனைகளும் வந்தன. பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள்தான் விற்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஆன் கண்டிஷன் தட்’. நிலம் என்ற பெயர்ச்சொல்லையும் அந்த வாக்கியத்தையும் சேர்த்துப் பூட்டினால்தான் அது பஞ்சமி நிலம். கை மாறக் கை மாற, நிலம் மட்டும் பத்திரங்களில் பயணம் செய்தது. நிபந்தனை வழியில் கழன்று விழுந்தது. காரணையில் நம் மக்கள் கேட்டது, கழன்று விழுந்த அந்த வாக்கியத்தைத்தான். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள்.

மூன்றாவது, நாம் அடிக்கடி புரட்டும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். அதில் பிரிவு 3(2)(v) மிகக் கடுமையானது. பத்தாண்டு அல்லது அதற்கு மேல் சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்மீது செய்தால் ஆயுள் தண்டனை. ஆனால் பழைய வாசகத்தில் ஒரு பூட்டு இருந்தது: ‘ஆன் த கிரவுண்ட் தட்’. அதாவது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் குற்றம் நடந்திருக்க வேண்டும். கிரவுண்ட் என்ற பெயர்ச்சொல் முன்னால் நின்றதால், குற்றவாளியின் மனதுக்குள் இருந்த காரணத்தை நாம் நிரூபிக்க வேண்டியதாயிற்று. 2006இல் தினேஷ் என்கிற புத்தா வழக்கில், ஒரு சிறுமிக்கு நடந்த பாலியல் கொடுமை நிரூபணமானது. ஆனால் சாதிக் காரணத்துக்குச் சான்று இல்லை என்று சொல்லி இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் விலக்கிவிட்டது.

திருத்தச் சட்டம் 2016 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தப் பிரிவில் ‘ஆன் த கிரவுண்ட் தட்’ போய் ‘நோயிங் தட்’ வந்தது. பின்னால் வரும் வாக்கியம் அதேதான். ‘என்ற காரணத்தால்’ என்பது ‘என்று தெரிந்தே’ என்றானது. கூடவே பிரிவு 8இல் ஓர் அனுமானமும் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ குற்றவாளி நேரடியாக அறிந்தவர் என்றால், சாதி அவருக்குத் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். தெரியாது என்றால் அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஊரில் யார் எந்தத் தெரு என்று தெரியாதவர் யார்?

பட்டான் ஜமால் வலி வழக்கில் 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் பழைய வாசகத்துக்கே விளக்கம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த, பார்வையற்ற இளம்பெண். காரணம் என்றால் சாதி ஒன்று மட்டுமே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, பல காரணங்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம் என்றது நீதிமன்றம். ஆனாலும் அந்த வழக்கின் குற்றம் திருத்தத்துக்கு முந்தியது. பாலியல் வன்கொடுமைக்கான ஆயுள் தண்டனை நின்றது. 3(2)(v) மட்டும் சான்று போதாமல் விழுந்தது. குற்றம் நடந்த தேதியைப் பொறுத்து எந்தச் சொல் நம்மேல் பாயும் என்பது மாறும். அதனால் வழக்கு எடுத்தவுடன் முதலில் தேதியைப் பாருங்கள்.

இதையெல்லாம் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று சில தம்பிகள் சொல்வார்கள். வழக்கறிஞர் வருவதற்கு முன்னாலேயே புகார் எழுதப்பட்டுவிடுகிறது. அதை எழுதும்போது பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான். குற்றவாளிக்கு இந்தக் குடும்பத்தை எத்தனை வருடமாகத் தெரியும், எந்த உறவில் தெரியும் என்று புகாரிலேயே எழுதுங்கள். ‘சாதி தெரிந்தே செய்தார்’ என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், தெரியும் என்பதற்கு ஆதாரமான நடப்பை எழுதுங்கள். நிலப் பத்திரம் என்றால் பழைய ஆவணத்தில் நிபந்தனை எந்த இடத்தில் காணாமல் போனது என்று தேடுங்கள். யாராவது நம் தமிழ் மனுவை ஆங்கிலத்தில் மாற்றினால் நகல் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஒவ்வொரு ‘தட்’டுக்கு முன்னாலும் நிற்கும் பெயர்ச்சொல்லை வட்டமிடுங்கள். ‘ஃபீலிங்’ நின்றால் அடித்துவிட்டு ‘ஃபேக்ட்’ என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஜெய் பீம்.