கரண்டியை யார் கையில கொடுக்கப் போறோம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

எனக்கு 57 வயசு. போர்ட் கிள்ளான்ல ஒரு ஃபேக்டரியில சூப்பர்வைசர். இன்னும் மூணு வருஷத்துல வேலை ஓய்வு. ஃபேக்டரியில நான் சொன்னா 40 பேர் கேட்பாங்க. அது எனக்குள்ள மரியாதை இல்ல, என் கழுத்துல தொங்குற அட்டைக்குள்ள மரியாதை. அட்டையைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் யார் கேட்பாங்க? இந்த யோசனை கொஞ்ச நாளா தூங்க விடல.

22 வருஷமா கோவில் அன்னதானத்துல இருக்கேன். எனக்குக் கத்துக் கொடுத்தது ஒரு தாத்தா. துறைமுகத்துல மூட்டை தூக்கினவர். ஒரு நாள் சாதத்தை அடிப்பிடிக்க விட்டுட்டேன். அவர் திட்டல. "பரவாயில்ல தம்பி, மேலாப்புல எடு, அடியைக் கிளறாதே"ன்னு சொல்லிட்டு, அடுத்த அடுப்பைப் பத்த வச்சார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்ல. ஆனா அரிசி களையும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

போன ஆடி வெள்ளியில, படிவம் நான்கு படிக்கிற ஒரு பையன் பாயச வாளியைத் தவற விட்டுட்டான். நான் எல்லாரும் பார்க்க, ஃபேக்டரி குரல்ல கத்திட்டேன். "வேலை தெரியலன்னா வராதே!" அடுத்த வாரம் அவன் வரல. அவன் கூட்டாளிங்க ரெண்டு பேரும் வரல. அப்பதான் சுத்திப் பார்த்தேன். சமையல்கட்டுல 50 வயசுக்குக் கீழ ஒருத்தரும் இல்ல.

அந்த நேரத்துல அன்னை மங்களம் அவர்களை நினைச்சுப் பார்த்தேன். பூச்சோங் சாலையில இருக்கிற சுத்த சமாஜம் நம்மில் பலருக்குத் தெரியும். சுவாமி சத்தியானந்தா 1949-ல தொடங்கினது. 1961-ல சுவாமி மறைந்துவிட்டார். வெறும் 12 வருஷம். ஆனால் அந்தத் தொண்டு அதோட நிக்கல. 1926-ல சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் அதை எடுத்து நடத்தினார். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு அம்மாவா இருந்தார். 60 வயசுல ஓய்வுன்னு உட்காரல. 2010-ல, 84 வயசுல, அவருக்கு மெர்டேக்கா விருது கிடைச்சது. 2023-ல மறைந்தார்.

சுவாமி விட்டுட்டுப் போனது கட்டடம் மட்டும் இல்ல, ஒரு ஆளையும் விட்டுட்டுப் போனார். அந்தத் தாத்தாவும் அப்படித்தான். நான்? 22 வருஷமா "நான் செஞ்சாதான் சரியா வரும்"னு கரண்டியை யாருக்கும் கொடுக்கல. தொண்டுன்னு நினைச்சேன். பாதி தொண்டு, பாதி கர்வம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா முன்னாடியே மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான், "திட்டினது பரவாயில்ல அங்கிள். எங்க பாட்டி வரிசையில நின்னாங்க."

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

போன வெள்ளி அவன் மட்டும் வந்தான். மத்த ரெண்டு பேர் இன்னும் வரல. சாம்பாரை அவன்கிட்ட விட்டேன். பக்கத்துல நின்னு, கையைப் பின்னால கட்டிக்கிட்டேன். அதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. உப்பு கொஞ்சம் குறைஞ்சு போச்சு. ஒரு அக்கா கேட்டாங்க, "இன்னிக்கு யார் சமையல்?" பையன் என்னைப் பார்த்தான். "ரெண்டு பேரும்தாங்க்கா. உப்பை நான்தான் பார்க்காம விட்டுட்டேன்"னு சொன்னேன்.

சொந்தங்களே, கோலமோ, தோரணமோ, தேவாரமோ, உங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ணை இந்த வருஷம் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்க. தப்பு வந்தா அடுத்த அடுப்பைப் பத்த வைங்க.

அந்த ரெண்டு தம்பிங்களும் இதைப் படிச்சா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வாங்கப்பா. அங்கிள் காத்துக்கிட்டு இருப்பேன்.

அம்மன் துணை. 🙏