எழுத்துச் சிதைந்த பெயர்ப் பட்டியல்

மலர்க் குழுவினர் என்னையும் ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தனர். ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றி எழுத என்னினும் வல்லார் பலர் உளர். சங்கத்தின் இணையப் பக்கத்திற்கு மென்பொருள் தேடி அலைந்தவன் நான் ஒருவனே. ஆதலின் அக்கதையைக் கூறத் துணிந்தேன்.

2008ஆம் ஆண்டு அப்பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய மாணவர் பெயர்ப் பட்டியலைக் கடல் கடந்தோரும் காணச் செய்தல் வேண்டும் என்பதே சங்கத்தின் விருப்பம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. பசறை, லுணுகலைத் தோட்டங்களிலிருந்து வந்து எம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்த தோழர் பலர், அதன்படி தலைமன்னாரிற் கப்பலேறினர். அவர்கள் தம் பெயரைக் காணவேண்டாமா?

பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடை உடுத்தும் உபாயம். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உடை கழன்றுவிடும். எனவே முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றினேன். பெரிய நிறுவனமொன்றின் மென்பொருளை 30 நாட் பரீட்சார்த்தமாகப் பெற்று, பக்கத்தை அமைத்துச் சேமித்தேன். திறந்து பார்த்தால் பெயர்கள் யாவும் கேள்விக்குறிகள்!

வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டே நிமிடத்தில் மறுமொழி வந்தது. மகிழ்ந்தேன், அது இயந்திரம் எழுதியது. மூன்றாம் நாள், மென்பொருளை அகற்றி மீண்டும் நிறுவுமாறு ஒருவர் எழுதினார். பதுளையின் அந்நாளைய தொலைபேசி இணைப்பில், மழையிரவொன்றில், அதனை மறுபடி இறக்கிய பாடு எனக்கே தெரியும். பயனில்லை. அடுத்து வேறொருவர் வந்து முதல் வினாவிலிருந்து தொடங்கினார். 30 நாளும் கழிந்தன. பணம் செலுத்துமாறு வந்த மடல் மட்டும் நாள் தவறவில்லை.

பின்னர் கொம்போசர் என்னும் இலவச மென்பொருளை நாடினேன். அதனைப் பயன்படுத்துவோருக்கு ஊதியமின்றி உதவும் ஒருவர், தமிழறியாதவர், என் பழைய கோப்பையே அனுப்புமாறு கேட்டார். மறுநாளே விடை வந்தது. பக்கம் மேற்கு ஐரோப்பிய எழுத்துக் குறியாக்கத்திற் சேமிக்கப்பட்டிருந்ததாம். அதில் தமிழுக்கு இடமில்லை. யூ.டி.எப்.-8 முறையில் மீண்டும் சேமித்தாற் போதும் என்றார். அவ்வமைப்பு முந்திய மென்பொருளிலும் இருந்தது; சொல்லத்தான் ஆளில்லை.

கொம்போசரின் ஆக்கம் பின்னாளில் நின்றுபோக, வேர்ட்பிரசுக்கு மாறினோம். அப்போது வசதிகளின் பட்டியலை நான் படிக்கவில்லை. நம் பெயர்ப் பட்டியலில் ஒரு பக்கத்தைக் காட்டி ஒரு வினா விடுத்து, விடை எழுதுபவர் அதனைப் பார்த்திருக்கிறாரா என்பதையே கவனித்தேன்.

2008ஆம் ஆண்டுப் பட்டியல் வெளியான மறுமாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு மடல் வந்தது. எங்கள் வகுப்பில் முதல் வாங்கில் இருந்தவர். தம் பெயரின் முன்னெழுத்துப் பிழையென்றும், அது தந்தையாரின் பெயராதலால் உடனே திருத்துமாறும் சற்றுக் கோபமாகவே எழுதியிருந்தார். அன்றிரவே திருத்தினேன்.