வெந்நீர்ப் பள்ளத்தாக்கில் ஒரு சதுரங்கம்

ரெய்க்யவிக் நகரத்தின் மத்தியிலிருந்து கிழக்கே சற்று தூரம் சென்றால் லொய்கர்டலூர் என்னும் பள்ளத்தாக்கு வருகிறது. முற்காலத்தில் நகரத்துப் பெண்கள் வெந்நீர் ஊற்றுக்களில் துணி வெளுத்த இடம் அது. (குளிர் தேசத்தில் இதைவிடப் பெரிய பாக்கியம் வேறென்ன?) அங்கேயுள்ள விளையாட்டு மண்டபத்தில்தான் 1972-ம் வருஷம் ஸ்பாஸ்கியும் பிஷரும் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகப் பொருதினார்கள்.

ஐஸ்லாந்தின் ஜனத்தொகை அப்போது இரண்டு லட்சத்துச் சொச்சம். மீனை நம்பிப் பிழைத்த தேசம். அத்தகையவர்கள் 1,25,000 டாலர் பரிசுக்குப் பொறுப்பேற்றார்கள். டிக்கெட் வசூலும் படம் பிடிக்கும் உரிமையும் செலவை ஈடுகட்டும் என்பது சதுரங்க சங்கத்தாரின் கணக்கு. அந்தக் கணக்கைப் பிஷர் கலைத்தார். வசூலில் பங்கு கேட்டார். ஆரம்ப விழாவுக்கே வரவில்லை. ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயத் தனவந்தர் பரிசை இரட்டிப்பாக்கிய பிறகே வந்து சேர்ந்தார். வந்தும் என்ன? காமிராக்களின் தொல்லை என்று சொல்லி இரண்டாம் ஆட்டத்துக்கு வராமலே இருந்துவிட்டார். மூன்றாவது ஆட்டம் பின்புறத்துச் சிறு அறை ஒன்றில் நடந்தது. காசு கொடுத்து வந்த ஜனங்கள் காலி மேடைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள்! காமிராக்கள் அகற்றப்பட்டன, படத்தால் வரவேண்டிய வருமானமும் அவற்றோடு போயிற்று.

செப்டம்பர் 1-ம் தேதி பிஷர் வெற்றி பெற்றார். அதே தினம் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 50 கடல் மைலுக்கு விரித்து, பிரிட்டனைப் பகைத்துக்கொண்டது. பந்தயத்தைக் காப்பாற்றிய பணம் ஓர் ஆங்கிலேயருடையது என்பதுதான் வேடிக்கை.

இவ்வளவு பாடுபடுத்தியவர் ஜப்பானில் காவலில் கிடந்தபோது, 2005-ல் குடியுரிமை அளித்து அழைத்துக்கொண்டதும் இந்தத் தேசமே. ஸெல்போஸ் ஊருக்கு அருகில், ஒரு சிறு கிறிஸ்தவ ஆலயத்தின் பக்கத்தில், 2008-ல் அவரை அடக்கம் செய்தார்கள்.