மூன்று ஸ்க்ரூ கிடார்

மாதவரம் பால்பண்ணைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு கிப்சன் லெஸ் பால் கிடார் என்றால் உயிர். 1952-ல் வந்த மாடல். புதிதாக வாங்க லட்சங்கள் வேண்டும். இணையத்தில் பழையது ஒன்று விலைக்கு வந்தது. "1998 தயாரிப்பு, 40 ஆயிரம்." அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டார். "வேற ஆள் கேக்குறாங்க, அட்வான்ஸ் போடுங்க" என்று விற்பவர் அவசரப்படுத்தினார்.

பையன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். கிடாரின் தலையில், கழுத்துக் கம்பியை மூடும் சின்னத் தகட்டில் மூன்று ஸ்க்ரூ. அசல் கிப்சனில் இரண்டுதான். ஒருவேளை தகட்டை மட்டும் மாற்றியிருக்கலாமே? பின்பக்கப் படம் கேட்டான்.

1977 முதல் 2005 வரை கிப்சனின் வழக்கமான எண்ணுக்கு 8 இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் ஆண்டு. இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. வந்த எண்ணின் தொடக்கம் 94128. அதாவது 1998-ன் 412-வது நாள்!

இன்னொன்று நண்பர்களே, எண் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். அசலின் எண்ணைப் போலியிலும் அடிக்கலாம். கையில் எடுத்து, கழுத்து மரம் தலைக்குக் கீழே ஒட்டுப்போட்டதா என்று பார்க்காமல் பணம் தரக்கூடாது.

பணம் அம்மாவிடமே திரும்பியது. "பால்ல தண்ணி கலந்தா எனக்குத் தெரியும். உனக்கு இது தெரிஞ்சிருக்கே" என்றார் அவர்.